நெரேயாவுக்கு அர்த்தமில்லை

அந்தப் பெயர் கத்தலினுக்கு முதலில் கொஞ்சமும் பிடிக்கவில்லை. மூத்தவளுக்கு எதுர்னே என்று வைத்தபோது மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டாள். எதுர்னே என்றால் எங்கள் மொழியில் பனி. பிள்ளை பிறந்த அன்று மலையெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது, பொருத்தம்தான். இரண்டாவது பெண்ணுக்குப் புருஷன் இனாசியோ நெரேயா என்று வைக்கலாம் என்றான். நெரேயா என்றால் ‘என்னுடையவள்’. கத்தலின் படுக்கையில் இருந்தபடியே சண்டைக்கு வந்துவிட்டாள்.

“என்னய்யா பேரு இது? பால்காரன் கூப்பிட்டாலும் ‘என்னுடையவளே’, மீன் ஏலம் விடுறவன் கூப்பிட்டாலும் ‘என்னுடையவளே’. ஊர்ல உள்ளவன் எல்லாம் சொந்தம் கொண்டாடுறதுக்கா நான் பிள்ளை பெத்தேன்?”

“கொண்டாடிட்டுப் போறான். அவளும் அதையேதானடி சொல்லிக்கப் போறா. ‘உன் பேரு என்ன’ன்னு எவன் கேட்டாலும் ‘என்னுடையவள்’னு பதில். இந்தக் கரையில எந்தப் பொம்பளைக்கு அந்தக் கொடுப்பினை இருக்கு, சொல்லு?”

 பெயர் நிலைத்துவிட்டது. போகப்போகப் பிடித்தும் போனது. எப்படிப் பிடிக்காமல் போகும்? எங்கள் பெண்கள் எந்தப் பிள்ளையைக் கொஞ்சினாலும் வாயில் வருவது அந்தச் சொல்தான். கீழே விழுந்தால் ‘நெரேயா’, தூங்க வைத்தால் ‘நெரேயா’. பெரியவளைக் கொஞ்சும்போது சின்னவள் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஓடிவருவாள். பிறகு இருவருக்கும் மடியில் இடம் போதாமல் அடிதடி நடக்கும்.

உள்நாட்டுச் சண்டை மலைப்பக்கம் வந்தபோது இனாசியோ துப்பாக்கியோடு போனான். அவன் திரும்பவில்லை. உடலும் வரவில்லை. அடுத்த குளிர்காலத்தில் சின்னவளுக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. மூன்று வயதுப் பிள்ளை மூச்சுக்குத் தவித்துத் தவித்து அம்மாவின் கையிலேயே அடங்கிப்போனாள். தொற்று நோய் என்று சொல்லித் துணிமணி, தொட்டில், துணிப் பொம்மை எல்லாவற்றையும் ஆட்கள் வந்து எரித்துவிட்டார்கள். போட்டோ எடுத்துவைக்கிற குடும்பமில்லை அது. நெரேயா என்று ஒரு பிள்ளை இருந்தாள் என்பதற்கு மிஞ்சியது கல்லறைத் தோட்டத்தில் முழங்கால் உயரக் கல்லும் அதில் வெட்டியிருந்த ஐந்து ரோமன் எழுத்தும்தான். நெத்திலியை உப்பில் போடும் கொட்டகையில் வேலை முடிந்து வரும்போது கத்தலின் அந்தப் பக்கமாகத்தான் வருவாள். மீன் நாற்றமடிக்கும் விரலால் எழுத்துகளை ஒருமுறை தடவிவிட்டு வீட்டுக்குப் போவாள்.

போர் முடிந்தது. ஜெயித்தவர்களுக்கு உயிரோடு இருப்பவர்கள் போதவில்லை போலிருக்கிறது, செத்தவர்களிடம் வந்தார்கள். எங்கள் மொழியில் பெயர் வெட்டிய கல்லறைக் கல் ஒன்றுகூட இருக்கக் கூடாது, ஸ்பானியப் பெயராக மாற்ற வேண்டும், மாற்றாத கல் பிடுங்கப்படும் என்று நகராட்சி வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். படித்தவன் படிக்காதவனுக்குச் சொன்னான். யாரும் வாய் திறக்கவில்லை. திறந்த வாய்களுக்கு என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

கல்தச்சன் மாச்சினைத்தான் அந்த வேலைக்குப் போட்டார்கள். ஊரில் உள்ள கல்லெல்லாம் அவன் கையால் வெட்டியது. எழுதிய கையே அழிக்கவும் வேண்டும். வெறுப்பைச் சிரிப்பாக்கித் தின்று தீர்க்கிற ஆள் அவன்.

“நெகானேயைத் தொலோரெஸ் ஆக்கிட்டேன் கத்தலின்,” என்றான், கல்லறை வாசலில் உளியைத் தீட்டிக்கொண்டு. “அதுவும் வலி, இதுவும் வலி. செத்தவளுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனா அந்தக் கர்பின்யே பாட்டி இருக்கே, அதுக்கு இவங்க மொழியில ‘பூரிஃபிகாசியோன்’னு பேராம். கல்லோ ஒரு முழம். பாதிப் பேர்லயே கல்லு முடிஞ்சுபோச்சு. மிச்சத்தைப் பின்னாடி எழுதட்டுமான்னு நகராட்சிச் செயலர்கிட்டக் கேட்டேன், முறைக்கிறான்.”

கத்தலினுக்குச் சிரிப்பு வரவில்லை. “என் பிள்ளைக்கு என்னண்ணே பேரு?”

மாச்சின் உளியைக் கீழே வைத்தான். “அதான் எனக்கும் தெரியலை. எல்லாப் பேருக்கும் அந்தப் பக்கம் ஒரு ஜோடி வச்சிருக்கான். உன் பிள்ளை பேருக்கு மட்டும் கிடையாது. சாமிகிட்டப் போய்க் கேளு.”

பங்குச் சாமி டொன் அம்ப்ரோசியோ பயந்த மனுஷர். பயப்படக் காரணமும் இருந்தது. அவரோடு குருமடத்தில் படித்த இரண்டு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டிருந்தார்கள். கத்தலின் சொன்னதைக் கேட்டுவிட்டு  கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“நெரேயோன்னு ஒரு புனிதர் இருக்கார், கத்தலின். ரோமாபுரிச் சிப்பாய், வேதசாட்சி. மே மாசம் திருநாள். அவர் பேரையே பொம்பளைப் பிள்ளைக்கு வச்சா நெரேயாதான். எழுத்துக்கூட மாறாது.”

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டாள். “அப்ப கல்லு அப்படியே இருக்குமா சாமி?”

“இருக்கும். ஆனா அந்தச் செயலர் கேட்பார். நம்ம மொழியில இதுக்கு ஏதாவது அர்த்தம் உண்டான்னு உன்கிட்டத்தான் கேட்பார். இல்லைன்னு சொல்லணும். நான் பக்கத்துல நிப்பேன். நான் பொய் சொல்ல மாட்டேன், பேசாம இருப்பேன்.” கடைசி வாக்கியத்தை அவளைப் பார்க்காமல் சொன்னார்.

செயலர் டொன் எலியோடோரோ தெற்கிலிருந்து புதிதாக வந்தவர். கத்துகிற ஆளில்லை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். புனிதர்கள் என்றால் அவருக்கு உயிர்; நெரேயோவின் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

“அடடா, ரோமாபுரி வேதசாட்சி! இந்த ஊர்ல அவருக்குக்கூடப் பக்தி உண்டா? நல்லது. ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன் அம்மா. உங்க வட்டார பாஷையில இந்தப் பேருக்கு ஏதாவது பொருள் இருக்கா?”

சாமி அதை மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.  மூச்சுக்குத் தவித்த அந்த ராத்திரி முழுக்கப் பிள்ளையின் காதில் கத்தலின் சொல்லிக்கொண்டிருந்த ஒரே சொல் அதுதான். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்கிறார்கள்.

“இல்லைங்க,” என்றாள். “ஒரு அர்த்தமும் கிடையாது. சும்மா பேருதான்.”

செயலர் தலையசைத்தார். வெளியே வந்ததும் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலவும் இருந்தது, யாரோ பிள்ளையை இரண்டாம் முறை மண்ணில் போட்டது போலவும் இருந்தது. கல் தப்பியதே, அது போதும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

மறுநாளே செயலர் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார், வேலை எவ்வளவு ஆகியிருக்கிறது என்று பார்க்க. கத்தலினும் வந்திருந்தாள். மாச்சின் தெரியாத்தனமாக அந்தக் கல்லில் கை வைத்துவிடுவானோ என்ற பயம் அவளுக்கு. பள்ளி விடுமுறை என்பதால் பெரியவள் எதுர்னே கூட வந்தாள். பள்ளியில் இப்போது அவள் பெயர் நியெவெஸ். அதுவும் பனிதான். ஆனால் வீட்டில் எதுர்னே என்று கூப்பிட்டால் கதவு திறந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

நெரேயாவின் கல்லருகே செயலர் நின்றார். ஐந்து எழுத்தையும் படித்தார். புனிதருக்காகச் சிலுவை போட்டுக்கொண்டார். “இது இருக்கட்டும்,” என்று மாச்சினிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார். மாச்சின் குனிந்த தலை நிமிராமல் கத்தலினைப் பார்த்துக் கண்ணடித்தான். பிறகு பக்கத்துக் கல்லில் இருந்த ஊசோவாவைப் பலோமாவாக்க, இரண்டும் புறாதான், உளியை ஊன்றி ஓங்கி ஒரு போடு போட்டான்.

சில்லு தெறித்தது. எதுர்னே முகத்தைப் பொத்திக்கொண்டு அலறினாள். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

கண் போய்விட்டது என்றுதான் கத்தலின் நினைத்தாள். பாய்ந்து போய்ப் பிள்ளையை வாரி எடுத்தாள். என்ன சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியாது. “நெரேயா! நெரேயா! காட்டுடி, கண்ணைக் காட்டு, நெரேயா!”

கண்ணுக்கு ஒன்றுமில்லை. கன்னத்தில்தான் கீறல். தலையில் கட்டியிருந்த துணியால் அழுத்தித் துடைத்தபோதுதான் சத்தமே இல்லாமல் இருப்பதைக் கவனித்தாள். உளிச் சத்தம் நின்றிருந்தது. செயலர் அருகில் வந்து நின்றிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான்.

குனிந்து பிள்ளையிடம் நல்ல விதமாகவே கேட்டார். “உன் பேர் நியெவெஸ்தானே? அம்மா உன்னை ஏன் நெரேயான்னு கூப்பிடறாங்க?”

கத்தலினுக்கு ஸ்பானியம் அரைகுறைதான். ஆனால் அந்தக் கேள்வி புரிந்தது. பிள்ளையின் தோளை இறுக்கிப் பிடித்தாள். பிரயோஜனமில்லை. பள்ளியில் எங்கள் மொழிச் சொல் ஒன்று யார் வாயிலிருந்து வந்தாலும் டீச்சர் அவர்கள் கையில் ஓர் இரும்பு மோதிரத்தைத் திணிப்பாள். வாரக் கடைசியில் மோதிரம் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்குப் பிரம்பு. தப்பிக்க ஒரே வழி, வாயிலிருந்து விழுந்த சொல்லுக்கு உடனே ஸ்பானியச் சொல்லைச் சொல்லிவிடுவது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது அனிச்சையாகிவிட்டது. ரத்தம் வழிய, கையைக் கட்டிக்கொண்டு, நேராக நின்று சொன்னாள்:

“மீயா, ஐயா. நெரேயான்னா ‘மீயா’. என்னுடையவள்னு அர்த்தம்.”

“சபாஷ்,” என்றார் செயலர், பழக்கதோஷத்தில். அதற்குப் பிறகு நிமிர்ந்து கத்தலினைப் பார்த்தார். “ஒரு அர்த்தமும் கிடையாதுன்னு சொன்னீங்களே அம்மா. சாமியும் பக்கத்துலதான் நின்னார். அவர்கிட்ட நான் அப்புறம் பேசிக்கறேன்.”

“சாமி ஒண்ணும் சொல்லலைங்க. நான்தான்.” தெரிந்த ஸ்பானியத்தை எல்லாம் திரட்டினாள். “மாத்திடுங்க ஐயா. எல்லாருக்கும் மாத்துற மாதிரி மாத்துங்க. மீயான்னு வெட்டச் சொல்லுங்க. உங்க மொழிதானே?”

“அது பேர் இல்லையே. வெறும் சொல். அப்படி ஒரு புனிதை கிடையாது.” அவர் யோசித்தார். உதவி செய்கிற முகத்தோடுதான் யோசித்தார், அதைத்தான் இந்தக் கதையைச் சொல்கிற என்னால் பொறுக்க முடிவதில்லை. “மரீயான்னு போடு,” என்று மாச்சினிடம் சொன்னார். “குறையே இல்லாத பேர்.”

அந்தத் தோட்டத்தில் பாதிப் பேர் மரீயா. முதல் வரிசை முழுக்க மரீயா.  மாச்சின் பழைய பெயரை எழுத்தெழுத்தாகச் செதுக்கி எடுத்தான், வேகமாக, பல்லைப் பிடுங்குகிறவன் போல. கடைசி எழுத்து போனதும் தூசியை ஊதினான். புதிதாகச் செதுக்கிய இடம் பச்சைப் புண்ணாக வெளுத்திருந்தது. கத்தலின் அங்கேயே நின்றாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. இனி இந்தக் கல்லருகே வந்து யாரைக் கூப்பிடுவது என்று மட்டும் தோன்றியது.

ஊருக்கு இறங்கும் பாதையில் எதுர்னே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கன்னத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

“அம்மா, அந்த ஐயா சபாஷ்னாரே. நான் சரியாத்தானே சொன்னேன்?”

கத்தலின் கையை ஓங்கிவிட்டாள். உள்ளே கொதித்தது, இவள் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என்று நினைத்தாள். நினைத்த அந்த நொடியே தன்மேல் அருவருப்பு வந்தது. ஓங்கிய கையால் பிள்ளையின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

“சரியாத்தான்டி சொன்னே.”

“நம்ம பிள்ளைங்க நிறையப் பேரு தப்பாச் சொல்லும்மா. ‘மீயோ’ன்னு சொல்லிடும். நம்ம மொழியில ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே சொல்லுதானே, அதனால குழம்பிடும். பையன்னா மீயோ. பொண்ணுன்னாதான் மீயா.”

“எனக்குத் தெரியாதே.”

“நான் சொல்லித் தர்றேன். வெளியில என்னைக் கூப்பிடுறப்ப இனிமே அப்படியே கூப்பிடு, என்ன? இல்லாட்டி யாராவது கேட்டுடுவாங்க. சொல்லு, மீயா.”

“மீயா,” என்றாள் கத்தலின்.

“இன்னும் சத்தமா.”