ஸ்டாவோ பாலமும் என் பெருந்தன்மையும்

1975-இல் சுவீடன் நாடாளுமன்றத்தில் எங்கள் பக்கம் நூற்றெழுபத்தைந்து பேர், எதிர்ப்பக்கமும் நூற்றெழுபத்தைந்து பேர். சரிபாதியாக முட்டிக்கொண்டால் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். அப்படித்தான் நாட்டை ஆண்டோம். சிரிக்காதீர்கள், நாங்கள் சிரிக்காமல்தான் உட்கார்ந்திருந்தோம்.

என் ஊர் ஸ்டாவோ தீவு. குளிரில் படகு நின்றால் டாக்டர்கூட வர முடியாது. பாலம் கொண்டுவருவேன் என்று சொல்லி ஜெயித்தவன் நான். அன்று மதியம் அந்தப் பாலத்துக்குத்தான் வாக்கெடுப்பு.

காலையில் குன்வோர் வந்தார். எதிர்ப்பக்கத்தில் அவர்தான் எனக்கு ஜோடி. ஒருவர் வர முடியாவிட்டால் மற்றவரும் வாக்களிக்காமல் வெளியே உட்கார வேண்டும். எல்லாம் வாய்வார்த்தைதான்.

"ஹோல்கர், மகளுக்கு வலி எடுத்திருச்சாம். ரயிலைப் பிடிக்கணும். உங்க பாலம் வேற இன்னைக்கு. அதான்…" என்று குரலைத் தாழ்த்தினார்.

"அட, கிளம்புங்க முதல்ல! நானும் உள்ள போகல."

"இல்ல ஹோல்கர், நான் என்ன சொல்ல வந்தேன்னா…"

"ஒண்ணும் சொல்ல வேணாம்!"

அவருடைய கோட்டை எடுத்து அவர் கையில் திணித்தேன். அடுத்தவர் சொந்த விஷயத்தைத் துருவுவது எங்களுக்கு ஆகாது. எப்படியும் குலுக்கல்தான் என்பதால் எனக்குச் செலவில்லாத பெருந்தன்மை. ஆனாலும் கேன்டீனில் போவோர் வருவோரிடமெல்லாம் அதை அளந்தேன்.

"யோவ், உன் பாலத்துக்கு நீயே ஓட்டுப் போடலையா? சிலை வைக்கட்டுமா?" என்றார் எங்கள் கொறடா ரூனே.

"பெருசா வை," என்று இன்னொரு ஏலக்காய் ரொட்டி வாங்கினேன்.

இரு பக்கமும் நூற்றெழுபத்து நான்கு. குலுக்கலில் 'வேண்டாம்' வந்தது.

மறுநாள் குன்வோர் போன் செய்தார். "படகு ஐஸ்ல சிக்கிருச்சு. பேத்தி பொறந்தப்புறம்தான் போய்ச் சேந்தேன். பாலம் வந்திருச்சுல்ல?"

"போச்சு. நான்தான் வெளிய உக்காந்துட்டேனே."

"அட மனுஷா! நான் போறேன், நீங்க உள்ள போய் ஓட்டுப் போடுங்கன்னு சொல்லத்தானே வந்தேன்! என் மக ஸ்டாவோவுலதான் வாக்கப்பட்டிருக்கா."

"சொல்லியிருக்கலாமே!"

"எங்க கட்சி ஆளுங்க நிக்கிற இடத்துல கத்தியா சொல்ல முடியும்? நீங்க வாயைத் திறக்க விட்டாத்தானே!"

நான் உள்ளே போயிருந்தால் ஒரே ஒரு ஓட்டில் பாலம் வந்திருக்கும். ஊருக்குப் போய்க் கூட்டத்தில் நடந்ததை அப்படியே சொன்னேன். அடிப்பார்கள் என்று நினைத்தேன். ஒவ்வொருவராக எழுந்து வந்து கைகொடுத்தார்கள்.

"வாக்குன்னா வாக்குதான், ஹோல்கர். நாங்களா இருந்தாலும் இதையேதான் செஞ்சிருப்போம்."

கண் கலங்கிவிட்டது. அடுத்த தேர்தலில் கட்சிப் பட்டியலில் என் பெயரைப் பன்னிரண்டாம் இடத்துக்கு, ஜெயிக்கவே வழியில்லாத இடத்துக்கு, தள்ளியதும் அவர்கள்தான்.