சட்னி கத்திய வாரம்

சட்னி கத்த ஆரம்பித்தது போன வாரம் புதன்கிழமை ராத்திரி. அந்தப் பூனைக்குச் சட்னி என்று பெயர் வைத்தவள் மருமகள் சுபாஸ்ரீ. இட்லிக்குத் தொட்டுக்கொள்கிற சமாசாரத்தை ஒரு பூனைக்குப் பெயராக வைப்பார்களா என்று மாமியார் லலிதாம்பாளுக்கு இன்றுவரை தீராத ஆச்சரியம். வைத்தாகிவிட்டது, கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும்.

பசிக்குக் கத்துகிற கத்தலாக இருந்தால் ஒரு கரண்டி தயிர்சாதத்தில் தீர்ந்துபோயிருக்கும். இது வேறு தினுசு. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, இழுத்து இழுத்து நீண்டு, கடைசியில் கைக்குழந்தை வீறிடுவது மாதிரி முடியும். முடிந்தது என்று கண்ணை மூடினால் மறுபடி ஆரம்பிக்கும். நடுநடுவே தரையில் புரளும், பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும், வாசல் கதவை நகத்தால் பிராண்டும். லலிதாம்பாள் ஹாலில் திவானில் படுப்பவள். ஆகையால் முழுக் கச்சேரியும் அவளுக்குத்தான்.

ஹைதராபாத் கச்சிபௌலியில், பதினான்காவது மாடியில், சுவர்கள் அப்பளம்போல இருந்தன. எதிர்வீட்டுக்காரர் ராகவேந்திரா, குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் மூன்று முறை புகார் எழுதிவிட்டார். இன்னொரு புகார் வந்தால் பூனையை வெளியேற்ற வேண்டியிருக்கும் என்று சங்கத்திலிருந்து பதிலும் வந்துவிட்டது. சுபாஸ்ரீ அன்றைக்கே பூனை டாக்டரிடம் ஓடினாள். கத்தல் அடங்கட்டும், வருகிற சனிக்கிழமை கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாம் என்று அவர் தேதி கொடுத்தார்.

"வாயில்லா ஜீவன். கர்ப்பப்பையை எடுக்கறதாவது? ஒரு தடவையாவது குட்டி போடட்டுமேடி" என்றாள் லலிதாம்பாள்.

"ஒரு தடவை போட்டாத்தான் நல்லதுங்கறதெல்லாம் சும்மா, அம்மா. டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். எடுக்காம விட்டா ரெண்டு வாரத்துக்கொரு தடவை இப்படித்தான் கத்தும். பின்னாடி கர்ப்பப்பையில சீழ் பிடிக்கும், மார்ல கட்டி வரும். எடுத்துட்டா நிம்மதியா தூங்கும்."

"அடைச்சு வெச்சா யார்தான் கத்த மாட்டா" என்றாள் லலிதாம்பாள். சுபாஸ்ரீ அதற்குள் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தாள்.

லலிதாம்பாள் அடைபட்ட கதையை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கணவர் நாராயணஸ்வாமியின் காரியமெல்லாம் முடிந்த பிறகு, மாறுதலுக்கு ஒரு பத்து நாள் வா என்று மகன் வெங்கட் அழைத்து வந்தான். அது ஆகஸ்ட் மாதம். இப்போது ஏப்ரல். நடுவில் ஒரு சனிக்கிழமை அவனே போய்க் கும்பகோணத்து வாடகை வீட்டைக் காலி செய்து, சாமானை யார் யாருக்கோ கொடுத்துவிட்டு, சுவாமி படங்களையும் ஒரு குத்துவிளக்கையும் காரில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான். தனியாக அங்கே என்ன செய்யப் போகிறாய் என்று பிறகுதான் கேட்டான்.

இங்கே என்ன செய்கிறாள் என்று பார்த்தால் அதுவும் ஒன்றுமில்லை. கார்டு தேய்க்காமல் லிஃப்ட் நகராது. அவளுக்குக் கார்டு கிடையாது. கார்டு வாங்க வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டுமாம், அவர் அமெரிக்காவில் இருக்கிறாராம். குடியிருப்பு ஆப்பில் அவள் பெயர் விருந்தாளி என்று இருந்தது. விருந்தாளிக்கு ஒரு வாரம்தான் அனுமதி. திங்கட்கிழமைதோறும் வெங்கட் காபி குடித்தபடியே அவளை இன்னொரு வாரத்துக்கு நீட்டிப்பான். பால்கனிக்குப் போனால் புறா நுழையாமலிருக்கக் கட்டிய வலை. வலைக்கு இந்தப் பக்கம் அவளும் பூனையும், அந்தப் பக்கம் புறா.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சட்னி கதவின் மேலேயே பாய ஆரம்பித்தது. பாய்ந்தது, விழுந்தது, எழுந்து அலறியது. லலிதாம்பாள் காதைப் பொத்திப் பார்த்தாள், விஷ்ணு சகஸ்ரநாமத்தைச் சத்தமாகப் போட்டுப் பார்த்தாள். அதையும் மீறிக் கேட்டது. நாளை மறுநாள் இதை அறுக்கப் போகிறார்கள், அதுவரைக்கும் இது இப்படியே சுவரில் முட்டிக்கொள்ளும் என்று நினைத்தாள். எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

"போடி. நீயாவது போ" என்றாள்.

பூனை ஒரு நொடி அவளை அண்ணாந்து பார்த்தது. அடுத்த நொடி படிக்கட்டில் அதன் வால் மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை.

அப்புறம்தான் லலிதாம்பாளுக்கு ஞாபகம் வந்தது. அது சுபாஸ்ரீயின் பூனை. மழைநாளில் சாக்கடை ஓரத்தில் எடுத்து, மைநிரப்பியால் பால் ஊட்டி வளர்த்தது. சாயங்காலம் வந்து அவள் சட்னி என்று கூப்பிட்டால் என்ன பதில் சொல்வது? நாலு எட்டு வைத்துப் படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டு டிக் என்றது.

அது தானே பூட்டிக்கொள்கிற கதவு. சாவி உள்ளே, போன் உள்ளே, செருப்பு உள்ளே. வெளியே இருந்தது லலிதாம்பாள், ஒரு நைட்டி, தோளில் ஒரு துண்டு. அறுபத்தொரு வயதுவரை நைட்டியோடு வாசல்படி தாண்டியவள் அல்ல அவள். லிஃப்டுக்கோ கார்டு வேண்டும். துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிகளில் இறங்க ஆரம்பித்தாள்.

"சட்னி... சட்னி..."

ஒன்பதாவது மாடியில், லிஃப்டுக்குக் காத்திருந்த சாப்பாட்டு டெலிவரிப் பையன் தன் பையைத் திறந்து பார்த்துக்கொண்டான். லலிதாம்பாள் அவனிடம் நிற்கவில்லை. ஐந்தாவது மாடியில் ஒரு நிமிஷம் படியில் உட்கார்ந்து எழுந்தாள். மூன்றாவதில் கால் கட்டைவிரல் படி விளிம்பில் இடித்து ரத்தம் கசிந்தது. ஒவ்வொரு தளத்திலும் ஒரே சுவர், ஒரே விளக்கு, ஒரே எண்ணெய் வாசனை. எண் மட்டும் மாறியது. கார் நிறுத்துகிற அடித்தளத்துக்கு வந்தபோது அந்த அலறல் கேட்டது, ஆனால் இப்போது ஒன்றல்ல, மூன்று குரல்.

இரண்டு ஆண் பூனைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு உருண்டன. மயிர் பறந்தது. பெரிய மஞ்சள் பூனைக்குக் காதிலிருந்து ரத்தம். பக்கத்தில் ஒரு வெள்ளைக் காரின் அடியில், சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு, சட்னி நடுங்கிக்கொண்டிருந்தது. எட்டு நாளாகக் கூப்பிட்டதும் அதுதான், வந்தவர்களைப் பார்த்து நடுங்குவதும் அதுதான். லலிதாம்பாள் குனிந்து கையை நீட்டினாள்.

"நக்கோ, வேணாம்மா, கையை உள்ள விடாதீங்க. பயத்துல பிராண்டிடும்."

துடைப்பக் கட்டையோடு துப்புரவு வேலைக்காரப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். வாளித் தண்ணீரை ஆண் பூனைகள் மேல் வீசினாள். இரண்டும் இரண்டு திசையில் ஓடின.

"தமிழா நீ?" என்றாள் லலிதாம்பாள். எட்டு மாதத்தில் வெளியாள் ஒருவர் அவளிடம் பேசிய முதல் தமிழ்.

"ஹவ் அம்மா, தமிழ்தான். பேரு பானு. தாத்தா அரக்கோணத்துலேர்ந்து இங்க ரயில்வே வேலைக்கு வந்துச்சு, நான் பொறந்ததெல்லாம் செகந்திராபாத்லதான். வீட்டுப் பூனையை இந்த நேரத்துல ஏன் வெளிய விட்டீங்க?"

"அடைச்சு வெச்சிருக்கான்னு கத்தித்தே..."

"அதுக்கில்லம்மா. ஜோடி தேடிக் கத்துது. உடம்பு படுத்துற பாடு, அதுக்கே என்னான்னு தெரியாது. கதவைத் தொறந்தாலும் கத்தும், தொறக்கலைன்னாலும் கத்தும்." பானு தரையில் குப்புறப் படுத்து, துண்டை வாங்கிக் காரின் அடியில் மெல்லத் தள்ளினாள். "நல்லவேளை, அந்த மஞ்சள் நவாப்கிட்ட மாட்டல. ராத்திரி ராத்திரி இங்க அவன் சண்டைதான். போன வருஷம் ஒரு கறுப்புப் பூனை மூணு ஈத்து போட்டுச்சு, பதினோரு குட்டி. எத்தனை மிஞ்சுச்சு? ரெண்டு. மத்ததெல்லாம் சக்கரத்துக்கு அடியிலேர்ந்து நான்தான் எடுத்துப் போட்டேன்."

ஒரு தடவையாவது குட்டி போடட்டும் என்று சொன்னது லலிதாம்பாளின் வாய்.

"அப்புறம் ஒரு மேடம் கூண்டு கொண்டாந்து அதைப் புடிச்சிட்டுப் போய் ஆபரேஷன் பண்ணிக் கொண்டாந்து விட்டாங்க. அதோ பாருங்க."

மோட்டார் அறை வாசலில் ஒரு கறுப்புப் பூனை மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. அடையாளத்துக்காக ஒரு காதின் நுனி நறுக்கியிருந்தது. இவ்வளவு ரகளைக்கும் அது கண்ணைத் திறக்கவில்லை. பளபளவென்று கொழுத்திருந்தது.

துண்டில் சுருட்டிய சட்னியைப் பானு அவள் கையில் கொடுத்தாள். அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இது விடுதலை கேட்கவில்லை என்று லலிதாம்பாளுக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்டது யாரென்றும் உறைத்தது. இந்த எட்டு நாளும் பூனையின் தொண்டையில் தன் அழுகையைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள்.

பானு தன் கார்டைத் தேய்த்து, சாமான் லிஃப்டில் அவளைப் பதினான்காவது மாடியில் விட்டுவிட்டுப் போனாள். பூட்டிய கதவின் முன்னால் லலிதாம்பாள் பூனையோடு உட்கார்ந்தாள். சட்னி மூச்சு வாங்கி முடித்து, மறுபடி குரலெடுத்தது. எதிர்க்கதவு திறந்தது. போனைத் தூக்கிப் பிடித்தபடி ராகவேந்திரா வந்தார். புகாருக்கு வீடியோ எடுக்கத்தான் வந்திருப்பார். தரையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துப் போனை இறக்கினார்.

"நீங்கள் யாரு, அம்மா?" என்றார். சென்னையில் நாலு வருஷம் வேலை பார்த்த தமிழ்.

"வெங்கட்டோட அம்மா. இந்த ஆத்துலதான் இருக்கேன்."

அவர் போனில் எதையோ தேடினார். "இந்த ஃப்ளாட்டில் ரெண்டு பேர், ஒரு பூனை. அப்படித்தான் போட்டிருக்கு." போனை அவளிடமே காட்டினார். வெங்கட், சுபாஸ்ரீ, சட்னி. பூனைக்குப் படம்கூட இருந்தது. "இன்னைக்கு வந்தீங்களா?"

"ஆகஸ்ட்ல வந்தேன்."

ராகவேந்திராவுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். நாற்காலி போட்டார். வெங்கட்டுக்குப் போன் செய்தார். பூனை கத்தியதை மூன்று முறை குழுவில் எழுதியவருக்கு, ஒரு மனுஷி எட்டு மாதம் எதிரே இருந்தது தெரியாது. அவரைச் சொல்லி என்ன, அவள்தான் ஒரு சத்தமும் போடவில்லையே.

ஒரு மணி நேரத்தில் வெங்கட்டும் சுபாஸ்ரீயும் ஓடிவந்தார்கள். சுபாஸ்ரீ பூனையைப் பார்ப்பதற்கு முன் மாமியாரின் காலைப் பார்த்தாள். "ரத்தம்மா" என்று அப்படியே தரையில் உட்கார்ந்து காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"பூனை தப்பிச்சு ஓடிடுத்தா? அதைப் பிடிக்கப் போய்க் கதவு சாத்திண்டுதா?" என்றான் வெங்கட்.

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அவனே பொய்யைக் கோத்துக் கையில் கொடுத்துவிட்டான்.

"ஓடலைடா. நான்தான் திறந்து விட்டேன்."

சுபாஸ்ரீயின் கை அவள் காலில் அப்படியே நின்றது.

"இது அடைச்சு வெச்சதுக்கு அழறதுன்னு நினைச்சேன். அதுக்கு வேற உபாதை. சனிக்கிழமை ஆபரேஷன் பண்ணிடுங்கோ, நானே மடியில வெச்சுண்டு வரேன். அடைச்சு வெச்சிருக்கறது என்னை."

"அம்மா, மெதுவா பேசு. பக்கத்துல எல்லாம்..."

"கேக்கட்டும்." அவள் குரல் நடைக்கூடத்தின் கோடிவரை போனது. "இது எட்டு நாள் கத்தித்து, டாக்டர்கிட்ட போய்த் தேதி வாங்கிண்டு வந்தேள். எட்டு மாசம் வாயை மூடிண்டிருந்த எனக்கு ஒரு கார்டு வாங்க முடியலை. என்னைக் கேக்காம என் ஆத்தைக் காலி பண்ணினே. அதையும் நான் கேக்கலை. இப்போ கேக்கறேன்."

"ஓனர் கையெழுத்து வரணும்மா. அவர் அமெரிக்கா..."

"அப்பா அம்மாவுக்கு ஓனரெல்லாம் வேண்டாம்" என்றார் ராகவேந்திரா, வாசலில் நின்றபடி. அவருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. "ஆப்பில் குடும்ப உறுப்பினர்னு சேர்த்தால் போதும். கார்டு கீழே செக்யூரிட்டியில் தருவாங்க. ரெண்டு நிமிஷ வேலை."

வெங்கட் போனை எடுத்தான். அம்மா பெயரை அடித்தான், உறவு என்ற இடத்தில் தாய் என்று போட்டான். எந்தத் தேதியிலிருந்து குடியிருக்கிறார் என்று அது கேட்டது. அவன் நாட்காட்டியில் மாதங்களை ஒவ்வொன்றாகப் பின்னுக்குத் தள்ளினான். மார்ச், பிப்ரவரி, ஜனவரி. லலிதாம்பாள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிசம்பரில் அவன் விரல் சற்று நின்றது.

"இன்னும் தள்ளு" என்றாள்.