புதுக் குரல்

ஹெட்போனில் அந்தக் குரல் வந்ததும் ஜகந்நாதனின் பென்சில் தானாக நின்றது. சிங்கப்பூரிலிருந்து ஜப்பானியர் நடத்திய தமிழ் ஒலிபரப்பு அது. அதைக் கேட்டு இங்கிலீஷில் சுருக்கி, பேசுகிறவன் எந்த ஊர்க்காரன், எதை மறைக்கிறான் என்று தன் கணிப்பையும் சேர்த்துத் தருவதுதான் பம்பாய்க் கோட்டைப் பகுதி ஆபீசில் அவருக்கு வேலை. வீட்டில்கூட மூச்சுவிடக் கூடாதென்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். மாட்டுங்காவில் எல்லோருக்கும் அவர் ரேஷன் ஆபீஸ் குமாஸ்தா.

அன்று வாசித்தவன் புதியவன். வாக்கிய முடிவில் ஒரு சின்ன இழுப்பு. மூச்சு வாங்கும் இடத்தில் மெல்லிய கனைப்பு. வெங்கிட்டு! சிங்கப்பூர் விழுந்ததிலிருந்து ஒன்றரை வருஷமாகத் தகவலே இல்லாத அவருடைய தம்பி.

உயிரோடிருக்கிறான் என்ற சந்தோஷத்தின் மேல் உடனே பயம் வந்து உட்கார்ந்தது. எதிரிக்காக வாசிக்கிறான். யுத்தம் முடிந்தால் சும்மா விடமாட்டார்கள். மிரட்டி வாசிக்க வைக்கிறார்களா, மனசார வாசிக்கிறானா? எத்தனையோ குரல்களை எடைபோட்ட அவருக்கு இந்தக் குரலில் மட்டும் அது பிடிபடவில்லை.

"புதுக் குரலாமே, எந்த ஊர் ஆசாமி?" என்று மேலதிகாரி ரோஷன் இங்கிலீஷில் கேட்டார். காதில் விழுந்தது வேறு, ஊகித்தது வேறு, இரண்டையும் கலக்கக் கூடாது என்பதில் கறாரான பார்சிக்காரர்.

"தஞ்சாவூர்ப் பக்கம், சார்."

"உறுதியாகவா?"

"உறுதியாக."

ரோஷன் நிமிர்ந்து பார்த்தார். ஜகந்நாதன் இதுவரை 'இருக்கலாம்' என்பதைத் தாண்டியதே இல்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி பாகீரதி குரலைத் தாழ்த்தினாள்.

"ஏன்னா, சித்தப்பா கண்டிப்பா சொல்லிட்டார். வர அமாவாசைக்குள்ள வெங்கிட்டுவுக்குக் காரியம் பண்ணிடணுமாம். ஷ்யாமளாவைக் குங்குமத்தோட வெச்சிண்டிருந்தா நாலு பேர் பேசுவாளாம்."

"அந்தப் பேச்சே இந்த ஆத்துல எடுக்கப்படாது!"

"ஏதாவது தெரிஞ்சுதா?"

"ஒண்ணும் தெரியாது."

அத்தனை வேகமாகச் சொல்லியிருக்க வேண்டாமென்று சொன்ன பிறகுதான் தோன்றியது. உள்ளே உரல் சத்தம் நின்றிருந்தது. தம்பி மனைவி ஷ்யாமளா, அவர் எதிரில் நின்று பேசியே அறியாதவள், மாவுக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"அண்ணா... அவர் உடம்பு நன்னா இருக்கா?"

ஜகந்நாதன் இருட்டடிப்புக்காக ஜன்னலில் ஒட்டியிருந்த கறுப்புக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் 'தெரியாது' என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனாள். உரல் மறுபடி ஓடத் தொடங்கியது. வேகம், மேலும் வேகம்.

"போறும்டி, வழியறது பார்" என்றாள் பாகீரதி.

மாவு நுரைத்து உரலின் விளிம்பைத் தாண்டித் தரையில் வெள்ளையாகப் பரவிக்கொண்டிருந்தது. ஷ்யாமளாவின் கை நிற்கவில்லை.