பதிவில் இல்லாத மஞ்சள் தாள்

எங்கள் ரசிகர் சங்கத்து விசாரணையில் இருபத்தாறு வருடமாக நான் தோற்றதே இல்லை. பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால், ஆமாம், போன பிப்ரவரி வரை பெருமைக்காகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

'விடிவெள்ளி நிலையம்' தொடரைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விண்வெளியில் மிதக்கும் ஓர் ஊர். அங்கே பசி கிடையாது, பணம் கிடையாது, எந்தக் கதவுக்கும் பூட்டு கிடையாது. மூன்றாம் வருடத்தின் கடைசி வாரத்தில் தொற்றுநோயோடு ஒரு கப்பல் வந்து இடம் கேட்கிறது. உள்ளே இருநூற்றுப் பன்னிரண்டு பேர். தளபதி இவாரா கதவை அடைக்கச் சொல்கிறாள். ஊர் பிழைத்தது, கப்பலில் இருந்தவர்கள் செத்தார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அன்றைக்கு டிவியை அணைத்துவிட்டு ஓவென்று அழுதேன்.

நான் நம்பியிருந்த ஒரே நல்ல ஊரையும் ஒருத்தி கெடுத்துவிட்டாள் என்று ஆத்திரம். சங்கப் பத்திரிகைக்கு நான்தான் ஆசிரியர். இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'இவள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, நெஞ்சில் ஈரமே இல்லாதவள்' என்று ஒரு வரி. அது தளபதியைப் பற்றியா, நடித்தவரைப் பற்றியா என்று நானும் யோசிக்கவில்லை, கையெழுத்துப் போட்ட மூவாயிரம் பேரும் யோசிக்கவில்லை. கடைசி வரி: 'கதவை அடைத்தவளுக்கு இங்கே இடமில்லை.' தயாரிப்பாளருக்கு அனுப்பினோம். அடுத்த வருடம் தொடரில் இவாரா இல்லை. அதற்கடுத்த வருடம் தொடரே இல்லை. அதற்கு நாங்கள் சேனல்காரனைத் திட்டித் தீர்த்தோம்.

அதிலிருந்து வருடந்தோறும் பிப்ரவரியில், செயின்ட் கிளவுட் நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டலில் கூடுவோம். சனிக்கிழமை மத்தியானம் இவாராவுக்கு விசாரணை. யாராவது ஒரு ரசிகை இவாராவாக உட்காருவாள். நான் குற்றம் சாட்டுவேன். ஒரே விதி, திரையில் வந்தது மட்டும்தான் சாட்சி. மற்றதெல்லாம் 'பதிவில் இல்லை.' பிறகு இரண்டு ஐஸ்கிரீம் வாளிகளில் பீன்ஸ் விதை போட்டு ஓட்டு. சிவப்பு என்றால் குற்றவாளி, வெள்ளை என்றால் விடுதலை. எப்போதும் சிவப்புதான் ஜெயிக்கும். குற்றவாளியை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துவோம். அவள் மூன்று தடவை தட்டுவாள். நாங்கள் எல்லோரும் அந்தக் கடைசி வரியைக் கத்துவோம். அப்புறம் கதவைத் திறந்து கேக் வெட்டுவோம்.

பூட்டே இல்லாத ஊரைக் கொண்டாடுகிற கூட்டம் வருடா வருடம் கதவைப் பூட்டி விளையாடுகிறதே என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை பாருங்கள்.

இந்த வருடம் நிஜ இவாராவே வந்தார். இவாராவாக நடித்த லெனோர் ஹாப்வுட். எழுபது வயது, நீல நிறத்தில் தடித்த குளிர்கோட்டு, முழங்காலில் பட்டை. சங்கத்துக்குத் தானே போன் செய்து கேட்டு வந்தவர்.

"எனக்கு அந்த நாற்காலி மட்டும் போதும்," என்றார் என்னிடம், கறி உருண்டைகள் வைத்திருந்த மேசை ஓரத்தில். "இத்தனை வருஷமா எனக்குப் பதிலா யார் யாரோ திட்டு வாங்கிட்டாங்க. ஒரு தடவை நானே பதில் சொல்லிப் பாக்கறேன். விடுதலையானா ஊருக்குப் போய் நிம்மதியா தூங்குவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கையிலிருந்த காகித டம்ளர் கசங்கிப் போயிருந்தது.

டுவைட் என் காதருகே வந்தான். பத்திரிகையை என்னோடு சேர்ந்து நடத்தியவன், விசாரணையில் வாயிற்காவலன். மனைவி தைத்துக் கொடுத்த காவலர் உடுப்பில் தொப்பை பிதுங்கியது. "மார்லிஸ், இந்தத் தடவை உன் பாச்சா பலிக்காது. சாட்சாத் இவாராவே வந்தாச்சு."

"அவங்க வந்தா என்ன? நடந்ததை மாத்திட முடியுமா? நீ கதவைப் பாரு, போ," என்றேன்.

இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் வழக்கம் போல நிலையத்தின் அழகைச் சொன்னேன், கப்பலைச் சொன்னேன், பிறகு கண்ணாடித்தாள் ஒட்டிய என் கடிதத்தை எடுத்தேன். இருபத்தாறு வருடப் பழக்கம், கை தானாக எடுத்தது. 'நெஞ்சில் ஈரமே இல்லாதவள்' என்று வாசிக்கும்போதுதான் எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கு உறைத்தது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கடைசி வரிக்கு நான் வாயைத் திறப்பதற்குள் இருநூறு பேரும் சேர்ந்து கத்தினார்கள், சிரித்தபடி, அந்த அம்மாள் முகத்துக்கு நேராக:

"கதவை அடைத்தவளுக்கு இங்கே இடமில்லை!"

 கூடச் சேர்ந்து கத்தாமல் என் வரியை வெளியிலிருந்து கேட்பது அதுதான் முதல் தடவை.

லெனோர் மைக்கை இழுத்துக்கொண்டார். "இந்த லெட்டரை எனக்கு ஏற்கெனவே தெரியும். மேக்கப் போட்டுட்டு உக்காந்திருந்தேன். தயாரிப்பாளர் வந்து முழுசா படிச்சுக் காட்டிட்டு, நாளையிலேருந்து வர வேண்டாம்னார். அதுக்கப்புறம் எங்க போனாலும் 'கதவை அடைச்சவ'ன்னுதான் பேரு. பதினெட்டு வருஷம் பல் டாக்டர் ஒருத்தர்கிட்ட வரவேற்பு மேசையில உக்காந்தேன். அங்கயும் ஒரு அம்மா என்னை அடையாளம் கண்டுக்கிட்டு, பிள்ளையை இழுத்துட்டு வெளிய போயிட்டாங்க."

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு கேக்கறேன். அதே தொடர்ல கேப்டன் ரெஸ்க் ரெண்டாவது வருஷம் ஒரு நிலாவையே கொளுத்தினான். அவனுக்கு எத்தனை லெட்டர் போட்டீங்க?"

"அவர் மனசு உடைஞ்சு போனவர், மேடம்!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். "சிக்கலான பாத்திரம்!"

"அவன் செஞ்சா சிக்கல், நான் செஞ்சா பாவமா? நல்லா இருக்குய்யா உங்க நியாயம்."

பெண்கள் பக்கமிருந்து கைதட்டல் கிளம்பியது.  வழக்கு என் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. அவர் தொடர்ந்தார்.

"அந்தக் காட்சியை நான் எழுதல. வேண்டாம், கதவைத் திறக்கட்டும், நோய் வந்தா வரட்டும், அதுதானே இந்த ஊருன்னு எழுத்தாளர் கால்ல விழாத குறையா கெஞ்சினேன். ஒருத்தரும் கேக்கல. அதை அப்படியே எழுதி உங்க சங்கப் பத்திரிகைக்கு அனுப்பினேன். உங்க லெட்டர் போறதுக்கு ஒரு மாசம் முன்னாடி. மஞ்சள் தாள், அஞ்சு பக்கம், என் கையெழுத்து. நீங்களாவது எனக்காகப் பேசுவீங்கன்னு நம்பினேன்."



மஞ்சள் தாள். வந்தது. என் சமையலறை மேசையில் நானும் டுவைட்டும் படித்தோம். எவனோ விளையாடுகிறான் என்று முதலில் சிரித்தோம். நாலாம் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. படப்பிடிப்பில் இருந்தவருக்கு மட்டுமே தெரியக்கூடிய விஷயங்கள் அதில் இருந்தன. நிஜம்தான் என்று தெரிந்தது. அதைப் போட்டால் என் கடிதத்துக்கு ஒருத்தரும் கையெழுத்துப் போட மாட்டார்கள் என்பதும் தெரிந்தது. 'திரையில் வந்தது மட்டும்தான் கணக்கு' என்ற விதியை அன்றைக்குத்தான் உண்டாக்கினேன். தாளைக் குப்பையில் போட்டேன்.

"அதுக்கு ஆதாரம் இருக்கா?" என்றது ஒரு குரல்.

"அப்ப ஆசிரியர் மார்லிஸ்தானே? அவங்களையே கேளுங்க!" என்றது இன்னொரு குரல்.

இருநூறு தலைகள் என் பக்கம் திரும்பின. கதவருகே டுவைட் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். லெனோர் மட்டும் என்னை நேராகப் பார்த்தார். 'வந்தது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். 

"பதிவில் இல்லை," என்றேன்.

என் வாயிலிருந்துதான் அது வந்தது என்று நம்பவே முடியவில்லை.

 ஓட்டு நடந்தது. விதைகள் வாளியில் விழும் சத்தத்தைக் கேட்டபடி, வெள்ளை ஜெயிக்கட்டும் என்று முதல்முறையாக வேண்டிக்கொண்டேன். சிவப்பு நூற்றுப் பதினொன்று. வெள்ளை எண்பத்தொன்பது. பதினோரு பேர் மாற்றிப் போட்டிருந்தால் சரிசமம். என் ஒரு வார்த்தைக்கு அவர்கள் மாறியிருப்பார்கள்.

லெனோர் எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு, பட்டை கட்டிய காலை இழுத்து இழுத்து நடந்து வெளியே போனார். டுவைட் கதவைச் சாத்தினான். கேக்கின் முன்னால் கத்தியோடு எல்லோரும் காத்திருந்தார்கள், தட்டுவார் என்று. பத்து விநாடி. அரை நிமிடம். தட்டவில்லை.

நான் பரிமாறுகிறவர்கள் போகிற பின்வழியாக நழுவிக் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினேன். அவர் காரின் முன்கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"லெனோர்! நீங்க திரும்பி உள்ள வரணும். மூணு தடவை தட்டினா திறந்துடுவோம். அதுதான் வழக்கம். உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

"டுவைட் காலையிலேயே சொன்னான்." சுரண்டுவதை நிறுத்தவில்லை. "அஞ்சு பக்கம் எழுதி ஒரு தடவை தட்டினேன். இன்னைக்கு அந்த நாற்காலியில உக்காந்து ஒரு தடவை தட்டினேன். மூணாவது தடவை தட்ட எனக்கு வெக்கமா இருக்கும்மா."

"அந்த மஞ்சள் தாள்..." அவர் எதிரே போய் நின்றேன். "வந்துச்சு. நான் படிச்சேன். நீங்கதான்னு தெரிஞ்சே தூக்கிப் போட்டேன்."

அவர் திரும்பினார். சுரண்டியை என் பக்கம் நீட்டிப் பேசினார்.

"தெரியும். 'பதிவில் இல்லை'ன்னு நீ சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு. என் மூஞ்சியைப் பாத்தே ஈரமில்லன்னு கண்டுபிடிச்சவ நீ. மூஞ்சியை வெச்சே பொழைச்சவ நான், உன் மூஞ்சியைப் படிக்க மாட்டேனா?" காரில் ஏறினார். "என்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? உள்ள போய் சொல்லு."

கார் போய்விட்டது.

பின்வழிக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. சுற்றிக்கொண்டு ஹோட்டல் முன்வாசல் வழியாக நுழைந்து, கூடத்தின் பெரிய கதவுக்கு வந்தேன். கால் நனைந்திருந்தது. சொல்லிவிட வேண்டும், மேடையேறக்கூட வேண்டாம், வாசலில் நின்றே சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, தட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று.

உள்ளே ஒரே ஆரவாரம். லெனோர் வந்துவிட்டார், கோபித்துக்கொள்ளவில்லை என்று நிம்மதி அவர்களுக்கு. நாற்காலிகள் நகர்ந்தன. யாரோ விசிலடித்தார்கள். பிறகு இருநூறு பேரும் ஒரே குரலில், சந்தோஷமாக, நான் எழுதிக் கொடுத்த வரியைக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்துக் கத்தினார்கள்.