நான்கு சக்கரத் தாமதம்

வருடம் முழுக்க ஒருநாள்கூடப் பிந்தாத மிஸுயே, டிசம்பரின் கடைசி வேலைநாளுக்கு முந்தின நாள் பார்த்து அசந்து தூங்கிவிட்டாள். அலாரத்தை அணைத்த நினைவுகூட அவளுக்கு இல்லை.

அவள் வேலை பார்த்த அரிசி பிஸ்கட் கம்பெனியில், ஆண்டு முழுக்கத் தாமதமின்றி வருகிறவருக்கு வெந்நீர் ஊற்று விடுதியில் இரண்டு பேருக்கு ஓர் இரவு பரிசு. மற்றவர்கள் எல்லாம் எப்போதோ கோட்டைவிட்டாயிற்று. மிச்சமிருந்தவள் அவள் ஒருத்திதான். கணவர் யசுவோ தன் அண்ணன் வீட்டுக்குப் போன்போட்டுப் பீற்றிக்கொண்டும் விட்டார்.

வழக்கமான ஏழு பத்து ரயில் போய்விட்டது. அடுத்தது ஏழு நாற்பத்தொன்று. அது சரியான நேரத்துக்கு ஓடினாலும் எட்டரை மணி ஆபீசுக்கு அவள் எட்டு நாற்பதுக்குத்தான் போய்ச் சேர முடியும். தப்பிக்க ஒரே வழி, ரயில் ஐந்து நிமிடமாவது தாமதமாக வேண்டும். அப்போது ஸ்டேஷனில் தாமதத்துக்குச் சான்றாக ஒரு சீட்டுத் தருவார்கள். ஆபீசில் அந்தச் சீட்டை நீட்டினால், எத்தனை மணிக்கு வந்தாலும் தாமதம் கணக்கில் வராது. அதில் எத்தனை நிமிடம் என்று இருக்குமே தவிர, எந்த ரயில் என்று இருக்காது.

அகிதா மாகாணம் முழுக்கப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பிளாட்பாரத்தில் எல்லோரும் காலை உதைத்துக்கொண்டு ரயில் வர வேண்டினார்கள். அவள் மட்டும் இன்னும் கொட்டட்டும் என்று வேண்டினாள். ரயில் நான்கு நிமிடம் தாமதமாக வந்தது. இன்னும் ஒரு நிமிடம்தானே என்று நிம்மதியாக உட்கார்ந்தால், அந்தப் பாழாய்ப்போன டிரைவர் விட்ட நேரத்தைப் பிடிக்க ஆரம்பித்தான்.

"இரண்டு நிமிடத் தாமதத்துக்கு வருந்துகிறோம்" என்று அறிவிப்பு வந்தது.

அடுத்த சின்ன ஸ்டேஷனில் ஓர் இளம் தாயின் தள்ளுவண்டி பனியில் புதைந்து நின்றது. மிஸுயே குதித்து இறங்கினாள். இரண்டு பேர் தூக்கினால் பத்து வினாடி வேலை. அது அவளுக்கும் தெரியும்.

"இரும்மா, சக்கரத்துல பனி அப்பியிருக்கு. தட்டிட்டு ஏத்தலாம்."

"தடுப்பூசிக்குப் போறோம். ரொம்ப நன்றிங்க அக்கா" என்றாள் தாய், அழாக்குறையாக.

டிரைவர் தலையை நீட்டினான். "கொஞ்சம் சீக்கிரம் ஏறுறீங்களா?"

"குழந்தை விஷயம் தம்பி. அவசரப்பட்டா எப்படி?"

ஒவ்வொரு சக்கரமாகத் தட்டினாள். மூன்றாவது முடிந்ததும் பிளாட்பாரக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். குழந்தை அவள் முகத்திலேயே ஒரு தும்மல் போட்டது. நான்காவதையும் தட்டி, வண்டியை ஏற்றினாள். பெட்டியில் இருந்தவர்கள் அவளைக் கும்பிடாத குறையாகப் பார்த்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் இறங்கும்போது ஆறு நிமிடச் சீட்டு கையில் இருந்தது. மேனேஜர் குஜி அதைப் பார்க்காமலே வாங்கி வைத்தார்.

மறுநாள் காலைக் கூட்டத்தில், பரிசு உறையைக் கையில் வைத்துக்கொண்டே குஜி ஆரம்பித்தார்.

"முதல்ல ஒரு நல்ல சேதி. நேத்து சாயங்காலம் ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. நம்ம கம்பெனி ஜாக்கெட் போட்ட ஒரு அக்கா, ஏழு நாற்பத்தொண்ணு ரயில்ல, கைக்குழந்தையோட வந்தவளுக்கு உதவினாங்களாம். ஒவ்வொரு சக்கரமா பனி தட்டி விட்டாங்களாம். நம்ம மிஸுயே சான்தான்."

எல்லோரும் கைதட்டினார்கள். குஜியும் தட்டினார். பாதியில் அவர் கை நின்றது. அவரும் அதே தடத்தில் வருகிறவர்.

"ஏழு நாற்பத்தொண்ணா? அது நேரத்துக்கு வந்தாலே நமக்கு லேட்டாச்சே."

கைதட்டல் ஓய்ந்தது. மிஸுயே தரையைப் பார்த்தாள்.

"நாலு சக்கரமும் தட்டினீங்களா?" என்றார் குஜி.

"நாலும்தான். மூணுலயே சீட்டுக்கு வேண்டிய நேரம் ஆயிடுச்சு, குஜி சான்" என்றாள் அவள். "நாலாவது மட்டும் அந்தக் குழந்தைக்காக."