இரண்டாவது கணக்கு

விருத்தாசலம் படகு வரைவதில் கெட்டிக்காரர். ஆனால் ஒரே ஆள் போட்ட கணக்கை மனுஷர் நம்பவே மாட்டார். இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டு, இரண்டு விடையும் ஒன்றாக இருந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அதற்காகவே விழுப்புரத்து ஆபீஸில் ராஜாமணி என்ற பெண்ணை ஒரு அறையிலும் சீனுவாசன் என்ற பையனை இன்னொரு அறையிலும் உட்கார வைத்திருந்தார். நடுவில் சுவர். கணக்கைப் பற்றி ஒருவரோடொருவர் மூச்சு விடக் கூடாது.

பாவம், அவருக்கு ஒன்று மட்டும் தோன்றவில்லை. இரண்டு பேரும் திண்டிவனத்துக்காரர்கள். போக வர ஒரே பாசஞ்சர் ரயில், ஒரே பெட்டி.

அறுபத்து மூன்றாம் வருஷம் அது. பொம்மையார்பாளையத்து மீனவர்களுக்காக ஒரு மோட்டார் படகு வரைந்துகொண்டிருந்தார்கள். ஓடுகிற படகு எஞ்சின் பலத்தில் பாதியை அலை கிளப்பியே தொலைக்கும். முகப்பில் ஒரு அலை, பின்னால் ஒரு அலை. இரண்டும் கைகோத்துக்கொண்டால் படகு திணறும்; ஒன்றையொன்று அமுக்கிவிட்டால் சுலபமாகப் போகும். எந்த வேகத்தில் எது நடக்கும் என்று மரம் அறுப்பதற்கு முன்பே கணக்கில் பார்த்துவிடலாம். படகின் பக்கம் ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு சரிகிறது என்று எடுத்து, கையால் சுற்றும் கணக்கு மெஷினில் பெருக்கிக் கூட்ட வேண்டும். படகு விரியும் இடத்துக்குக் கைப்பிடியை முன்பக்கம் சுற்ற வேண்டும், குறுகும் இடத்துக்குப் பின்பக்கம்; முன்பக்கம் சுற்றினால் கூட்டும், பின்பக்கம் சுற்றினால் கழிக்கும். வாரக்கணக்கில் சுற்றினால் தோள்பட்டை கழன்றுவிடும். ராஜாமணிக்கு அது பிடித்திருந்தது. பி.எஸ்.சி. படித்தவளை மல்லாட்டை உடைத்துக் கடலை எடுக்க உட்கார வைத்திருந்தார்கள் வீட்டில். அங்கிருந்து அவளை வெளியே கொண்டுவந்ததே அந்த மெஷின்தான்.

இரண்டு விடையும் பொருந்தின. சின்ன எஞ்சினே போதும் என்று வந்தது. எஞ்சின் கேட்டு எழுதிவிடலாம் என்றார் விருத்தாசலம்.

அடுத்த வேகத்துக்குக் கணக்குப் போடும்போதுதான் ராஜாமணிக்கு உறுத்தியது. வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, விடை மட்டும் எங்கேயோ எகிறியது. பழைய கணக்கை எடுத்து மறுபடி சுற்றிப் பார்த்தாள். படகு குறுகும் பின்பகுதியில் ஒரு வரிசை முழுக்கக் கைப்பிடியை முன்பக்கமே சுற்றியிருந்தாள்.

தப்பு செய்தது அவளை அவ்வளவாக உலுக்கவில்லை. மெஷினோடு மல்லுக்கட்டுகிறவர்கள் தப்பு செய்யத்தான் செய்வார்கள், அதற்குத்தானே இரண்டாவது ஆள். ஆனால் சீனுவாசனுக்கு எப்படி அதே விடை வந்தது?

சாயங்காலம் ரயில் விக்கிரவாண்டியைத் தாண்டியதும் கேட்டுவிட்டாள்.

"எனக்கு வேறதான் வந்துது," என்றான் அவன். "ரயில்ல பேசிக்கினு வரும்போது உங்க நம்பரைச் சொன்னீங்க இல்ல, அதைப் பாத்து என்னுதை மாத்திட்டேன். உங்களை எப்படிங்க தப்புன்னு சொல்றது?"

அதை அவன் வெட்கத்தோடு சொன்னான். வெள்ளிக்கிழமை பெண் கேட்டு அவன் வீட்டிலிருந்து வருவதாக இருந்தது. அவள் புடவைகூட எடுத்து வைத்திருந்தாள். ஒரு நிமிஷம் அவளுக்கு இனிக்கத்தான் செய்தது. பிறகு, சின்ன எஞ்சினோடு எதிர்காற்றில் கரைக்குத் திரும்ப முடியாமல் நிற்கும் படகு நினைவுக்கு வந்தது.

"என்னைத் தப்புன்னு சொல்றதுக்குத்தாங்க உங்களுக்குச் சம்பளமே," என்றாள்.

மறுநாள் ரயில் பேச்சு உட்பட எல்லாவற்றையும் விருத்தாசலத்திடம் சொல்லிவிட்டாள். அவர் கத்தவில்லை. எஞ்சினுக்கு எழுதுவதை நிறுத்தி, கணக்கை முதலிலிருந்து போடச் சொன்னார். கல்யாணப் பேச்சு அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"ஒரே ஊட்டுல இருக்கிற ரெண்டு பேரு கணக்கு எனக்கு ஒரு கணக்குதாம்மா," என்றார். "கல்யாணம்னு ஆனா, யாராவது ஒருத்தர்தான் இங்க இருக்கலாம்."

வெள்ளிக்கிழமை பூவும் பழமுமாக வந்தார்கள். பேச்செல்லாம் நன்றாகத்தான் போனது. சீனுவாசனின் அம்மா நல்ல மனுஷி. கல்யாணத்துக்கு அப்புறம் இந்தப் பெண் எதற்குக் கைவலிக்க மெஷின் சுற்ற வேண்டும், வேலையை விட்டுவிடட்டும் என்று ஆசையாகச் சொன்னாள். ராஜாமணி சீனுவாசனைப் பார்த்தாள். அந்த வேலை அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்று அவள் சொல்ல, ரயிலில் எத்தனையோ தடவை கேட்டிருந்தவன் அவன். அம்மாவைத் தப்பு என்று சொல்லவும் அவனுக்கு மனசு வரவில்லை. தலையாட்டினான்.

அவர்கள் போனதும் இந்த இடம் வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். திங்கட்கிழமையிலிருந்து லேடீஸ் பெட்டியில் ஏறினாள்.

புதுக் கணக்கு முடிந்த அன்று விருத்தாசலம் இரண்டு தாளையும் மேஜைமேல் விரித்தார். ஒரு வரிசையில் விடைகள் பொருந்தவில்லை. ராஜாமணி தன் அறைக்குப் போய்ச் சுற்றிப் பார்த்தாள். அவளுடையதுதான் தப்பு. சீனுவாசன் தனக்கு வந்ததை அப்படியே எழுதியிருந்தான். இப்படித் தன் மனசில் இருப்பதை அந்த வெள்ளிக்கிழமை அம்மாவிடமும் சொல்லியிருக்கக் கூடாதா என்று அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.