நாற்பது நிமிடம்

இரண்டாவது முறையாகக் குளியலறைக் கதவு தட்டப்பட்டபோது, கொக்கியில் தொங்கிய பையிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் பாதிதான் குடலுக்குள் இறங்கியிருந்தது.

"யாரு உள்ள? எவ்வளவு நேரம்?" சித்தியின் குரல்.

அவள் பையை நிமிர்ந்து பார்த்தாள். பதில் சொல்வது அம்மாவின் வேலை. நேற்று மதியம் சமையலறையில் சரிந்த அம்மா, கூடத்தில் வெள்ளைத் துணிக்கடியில் கிடந்தாள்.

மகள் மலவாய் மூடியே பிறந்தவள். இரண்டு வயதுக்குள் மூன்று ஆபரேஷன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர்கள் அனுப்பிவைத்தார்கள். முடிந்தது அவர்களுக்கு. அடக்கிவைக்கும் தசை சரியாக அமையவில்லை. தினமும் காலையில் குடலைக் கழுவினால்தான் அன்றைக்கு உடை கெடாமல் வெளியே நடமாட முடியும். பள்ளிக்கூடம் போன நாள் முதல் பதினேழு வருடம் அம்மா அந்தக் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டுக் காவல் இருந்தாள், அக்கம்பக்கத்து வம்பையெல்லாம் பேசியபடி. சொந்தக்காரர்களுக்கு 'வயிறு கொஞ்சம் சரியில்ல' என்பதோடு சரி.

ஒன்பது மணிக்கு அம்மாவை ஏற்றிப்போக வண்டி வந்துவிடும். பாதியில் எழுந்தால் அம்மாவின் பக்கத்திலேயே, எல்லோர் முன்னிலையிலும் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். பெண் சுடுகாடுவரை போனால் ஊர் பேசும். பேசினால் பேசட்டும், அவளுக்கு அம்மாவோடு கடைசிவரை போக வேண்டும். அவ்வளவுதான்.

மறுபடியும் தட்டல். இந்த முறை நாலைந்து குரல்கள்.

"தள்ளுங்க, தள்ளுங்க. எதிர்வீட்டுல சொல்லி வச்சிருக்கேன். எல்லாரும் அங்க போயிட்டு வாங்க."

அப்பா. முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். கூட்டத்தை இறக்கிவிட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இந்த விஷயத்தில் அவர் வாயே திறந்ததில்லை. இந்த நேரத்தில் வீட்டில் இருக்கக் கூடாதென்றே காலை ஷிப்டு கேட்டு வாங்கினார் என்று அம்மா குத்திக்காட்டுவாள். ஓய்வுபெற்ற பிறகும், பேப்பர் வாங்கப் போனவர் ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்புவார்.

வயசுப் பெண்ணுக்கு அப்படி என்ன வேலை என்று சித்தி இழுத்தாள்.

"நாப்பது நிமிஷம் ஆகும். அவளுக்கு அப்படித்தான்."

நாற்பது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவளுக்குப் புரியவில்லை.

காலடிகள் கலைந்தன. ஸ்டூல் இழுபடும் சத்தம். அவர் இரண்டு தடவை கனைத்தார்.

"உங்கம்மா ஏதாவது பேசிட்டே இருப்பா, இல்ல?"

"ஆமாப்பா."

வம்பு பேச அவருக்கு வராது. கொஞ்ச நேரம் கழித்து, தாழ்ந்த குரலில், "மணிக்கூண்டு" என்றார். "மரக்கடை. பெரியாஸ்பத்திரி. ரயில்வே கேட்..."

அவருடைய பழைய ரூட்டின் நிறுத்தங்கள். நேற்றிலிருந்து வராத அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது.

கடைசி நிறுத்தம் வந்துவிட்டது. அவளுக்கு இன்னும் கால்மணி நேரம் பாக்கி இருந்தது. ஸ்டூல் ஒருமுறை கிறீச்சிட்டது. பிறகு அப்பா, கடைசி நிறுத்தத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்.